களனிக்கு இரண்டரை

எனக்கு முதலே வந்து
வெள்ளவத்தை ஸ்டேசனில் வரிசையில் நின்றாள் இனோகா.
களனிக்கு இரண்டரை, என்று சிங்களத்தில் கேட்டாள்.
அரை, சேனுகவுக்கு.
பதினொரு வருசத்தில்
அவள் எனக்கென்று காசு கொடுத்த முதல் பொருள்
அந்தக் கெட்டி அட்டை.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து
வெயிலைப் பற்றி ஏதோ சொன்னேன்.

போயா நாள். பெட்டி முழுக்க வெள்ளை.
என்னிடம் இருந்த ஒரே வெள்ளைச் சேலை
அம்மாவின் செத்தவீட்டுக்கு உடுத்தது.
அன்றைக்கு என் தம்பி படலையடியில் நின்றான்,
யாரும் வா என்று சொல்லவில்லை.
நானும்தான்.
பொட்டை வைக்கவா விடவா என்று
கண்ணாடி முன் கால்மணி நேரம் நின்று
சின்னதாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

சேனுக ஜன்னலில் தொங்கி
ஊர்ப் பலகைகளை வாசிக்கிறான்:
பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி.
மேல் வரி, பிறகு கீழ் வரி.
நடுவரியைத் தாண்டிவிடுகிறான்.
"அது என்ன எழுத்து?"
"தாத்தாவின் எழுத்து" என்கிறாள் இனோகா.
அவர்கள் மொழியில் தாத்தா என்றால் அப்பா.
தெரிந்திருந்தும் ஒரு கணம்
என் தம்பிக்கு நரைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு நெஞ்சைத் திறக்கிறார்கள்.
அதைச் சொல்லத்தான் அவள் போன் எடுத்தாள்.
"மச்சாள், களனிக்கு வாறீங்களா?"
மச்சாள் என்ற சொல்லை
யாரோ சொல்லிக்கொடுத்து, பல தடவை சொல்லிப்பார்த்து
வைத்திருந்த மாதிரி.

கோட்டையில் மாறினோம்.
மருதானை, தெமட்டகொட, பிறகு பாலம்,
கீழே பால் கம்மியான தேத்தண்ணி நிறத்தில் களனி ஆறு.
ஸ்டேசனிலிருந்து ஆட்டோக்காரன் கேட்ட காசுக்கு
இனோகா போட்ட சண்டையில்தான்
அவளை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது.

தாதுகோபுரம் நான் நினைத்த மாதிரி மணி வடிவில் இல்லை.
களத்தில் தூற்றி முடித்துக் குவித்த பொலி,
அப்படியே வெள்ளை பூசிவிட்டார்கள்.
மணல் சுட்டது.
பூத்தட்டை என் கையில் தந்து
மணந்து பார்க்கவேண்டாம் என்று சொல்ல வந்தவள்
நான் தட்டைத் தள்ளிப் பிடித்திருப்பதைக் கண்டு
பேசாமல் விட்டாள்.
அரச மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய சேனுக
பாதியைத் தன் காலில் ஊற்றினான்.

பிறகு, பக்கத்தில், இன்னொரு கோயில்.
யார் என்று கேட்டேன்.
"விபீஷண தெய்யோ" என்றாள்.

நான் அப்போது செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தேன்.
கழற்றிய செருப்பு வாசலில் கிடந்தது.

வீடணன் என்று எழுதினேன் அவனுக்கு,
அவன் இவளைக் கட்டிய மாதம்.
அந்த ஒரு சொல்தான் கடிதம்.
முத்திரைக்குக் கூடக் காசு வீண் என்றார் என் கணவர்.
இங்கே அந்தச் சொல்லுக்குத் திரை தொங்குகிறது,
பழவட்டியோடு வரிசை நிற்கிறது,
அண்ணனை விட்டுப் போனவனிடம்
ஊர்க்காவல் கேட்கிறார்கள்.

கப்புறாளை பெயர் கேட்டார்.
இனோகா சொல்லுமுன் நான் சொன்னேன்: குகதாசன்.
"குகதாச" என்று பாடத் தொடங்கினார்.
எங்கள் பக்கம் திருப்பிச் சொல்லப் பார்த்தேன்.
அவர் நிற்கவில்லை. புகை, மணி, மயில்பீலி,
குகதாச, குகதாச.
முடிந்த பிறகு யாருக்கும் கேட்காமல்
"ன்" என்றேன்.

வாசலில் கருப்பட்டியோடு பெலிமல் தண்ணீர் குடித்தோம்.
இனோகாவுக்குத் தெரியுமா அந்தக் கடிதம்?
கேட்கவில்லை. அவள் என் கோப்பையையும் வாங்கிக் கழுவினாள்.

திரும்பும் ரயிலில் இடமில்லை.
சேனுக நின்றபடியே என் இடுப்பில் சாய்ந்து தூங்கினான்,
வாயோரம் கருப்பட்டி.
கடல் இப்போது வலப்பக்கம், இருட்டு.
எனக்கு ஒரே யோசனை:
அந்த வார்ட்டில் வேறு எந்தக் கட்டிலிலும்
குகதாச என்று ஒருவர்
படுத்திருக்கக் கூடாதே.